ஸ்லோ மோஷன் வீடியோ: ஃபிரேம் கணக்கும் வெளிச்சக் கணக்கும்

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர்த் துளி தரையைத் தொட ஏறத்தாழ 0.45 நொடி ஆகிறது. நொடிக்கு 30 ஃபிரேம் பதிவாகும் சாதாரண வீடியோவில் அந்தத் துளியைப் படம்பிடித்தால், அது இறங்கி முடிப்பதற்குள் 13 அல்லது 14 படங்களே கிடைக்கும். அந்த வீடியோவை எட்டு மடங்கு மெதுவாக ஓடவிட்டால் ஒவ்வொரு படமும் கால் நொடிக்கு மேல் திரையில் நிற்கும். துளி விழுவதுபோல் தெரியாது, இடம்விட்டு இடம் தாவுவதுபோல்தான் தெரியும். அதே துளியை நொடிக்கு 240 ஃபிரேம் வீதம் பதிவுசெய்தால் 108 படங்கள் கிடைக்கின்றன. அவற்றை வழக்கம்போல நொடிக்கு 30 வீதம் ஓட்டும்போது, 3.6 நொடி நேரம், தாவலும் திக்கலும் இல்லாமல் துளி இறங்கிவருவதைப் பார்க்கலாம்.

ஸ்லோ மோஷனின் அடிப்படை இவ்வளவுதான்: வேகமாகப் பதிவுசெய்து வழக்கமான வேகத்தில் ஓட்டுவது. பதிவு வேகத்தை ஓட்டும் வேகத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு மெதுவாகும் என்பது தெரிந்துவிடும். 120-ஐ 30-ஆல் வகுத்தால் நான்கு மடங்கு, 240-ஐ 30-ஆல் வகுத்தால் எட்டு மடங்கு, 960-ஐ 30-ஆல் வகுத்தால் முப்பத்திரண்டு மடங்கு. இந்தக் கணக்கை மட்டும் தெரிந்துகொண்டு போனை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமடைகிறார்கள். ஃபிரேம்களின் எண்ணிக்கை கூடக் கூட, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்துகொண்டே போவதுதான் அதற்குக் காரணம். தெளிவான ஸ்லோ மோஷனுக்கும், மங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் தெரியும் ஸ்லோ மோஷனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேமராவின் விலையைவிட வெளிச்சமே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழிகாட்டியில் வெளிச்சத்தைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

கேமராவுக்குள் நடப்பது

ஃபிலிம் கேமராவைக் கையால் சுற்றிய காலத்தில், கைப்பிடியை வேகமாகச் சுற்றினால் காட்சி திரையில் மெதுவாக ஓடும் என்பது ஒளிப்பதிவாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆஸ்திரியப் பாதிரியாரும் இயற்பியலாளருமான ஆகஸ்ட் முஸ்கர், சுழலும் கண்ணாடிகளைப் பயன்படுத்தி ஸ்லோ மோஷனுக்கென்றே ஒரு கருவியை உருவாக்கி 1904-இல் காப்புரிமை பெற்றார். ஃபிலிம் கேமராவில், சுருள் கிழியாமல் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதே எல்லையாக இருந்தது. டிஜிட்டல் கேமராவில், ஒளியைப் பதியும் சில்லான சென்சாரிலிருந்து தகவலை எவ்வளவு வேகமாக வெளியே எடுக்க முடியும் என்பதே எல்லை.

இதை எண்களில் பார்த்தால் தெளிவாகப் புரியும். 1080பி வீடியோவின் ஒரு ஃபிரேமில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. நொடிக்கு 240 ஃபிரேம் என்றால் சென்சார் நொடிக்கு ஏறத்தாழ 50 கோடி புள்ளிகளைப் படித்துக் கொடுக்க வேண்டும். 4கே வீடியோவின் ஃபிரேம் அதைப்போல நான்கு மடங்கு பெரியது என்பதால், 4கே தரத்தில் 60 ஃபிரேம் எடுப்பதும் 1080பி தரத்தில் 240 ஃபிரேம் எடுப்பதும் புள்ளிக் கணக்கில் ஒன்றே. ஸ்லோ மோஷனுக்கு மாறியதும் பல போன்களில் தெளிவு குறைவதற்கும், சில போன்களில் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்பட்டு நெருக்கமாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். சென்சார் சில வரிகளை விட்டுவிட்டுப் படிக்கிறது, அல்லது நடுப்பகுதியை மட்டும் படிக்கிறது. 2013-இல் வந்த ஐபோன் 5எஸ் 720பி தரத்தில் 120 ஃபிரேம் எடுத்தது. 2024-இல் வந்த ஐபோன் 16 புரோ 4கே தரத்திலேயே 120 ஃபிரேம் எடுக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெருமளவு வளர்ந்தது, தகவலைப் படிக்கும் இந்த வேகம்தான்.

960 ஃபிரேம் எடுக்கும் போன்கள் வேறொரு வழியைக் கையாண்டன. 2017-இல் சோனி தன் எக்ஸ்பீரியா எக்ஸ்இஸட் பிரீமியம் போனில், சென்சாரின் அடுக்கிலேயே தற்காலிக நினைவகம் ஒன்றைச் சேர்த்தது. ஃபிரேம்கள் முதலில் அந்த நினைவகத்தில் மின்னல் வேகத்தில் குவிகின்றன. பிறகு அங்கிருந்து நிதானமாக வெளியேறிச் சேமிக்கப்படுகின்றன. நினைவகம் சிறியது என்பதால் அது நிரம்பும்வரைதான் பதிவு நடக்கும். 2018-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்9 போனும் 960 ஃபிரேம் வேகத்தில் 0.2 நொடியைத்தான் பதிவுசெய்தது. அதுவே திரையில் ஆறு நொடியாக விரிந்தது. இத்தகைய போன் வைத்திருப்பவர்கள், அந்த 0.2 நொடிக்குள் நிகழ்வைச் சிக்கவைப்பதற்குப் பொத்தானை நம்பாமல், அசைவு தெரிந்ததும் தானாகப் பதிவைத் தொடங்கும் வசதியைப் பயன்படுத்துவது நல்லது. அப்போது போன் ஆடாமல் இருக்க வேண்டும், பின்னணியில் இலையோ திரைச்சீலையோ அசையக்கூடாது. அசைந்தால் பதிவு அதைக் கண்டே தொடங்கி முடிந்துவிடும்.

வெளிச்சத்தின் விலை

நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிகபட்சம் 1/30 நொடி ஒளி கிடைக்கிறது. 240 ஃபிரேம் எடுக்கும்போது அந்த அவகாசம் 1/240 நொடிக்குமேல் இருக்க வழியே இல்லை. ஃபிரேமின் கால அளவில் பாதி நேரம், ஒளியை உள்ளே விடும் ஷட்டர் திறந்திருப்பது ஒளிப்பதிவில் நெடுங்கால வழக்கம். அதன்படி 30 ஃபிரேமுக்கு 1/60 நொடியும், 240 ஃபிரேமுக்கு 1/480 நொடியும் வரும். அதாவது, அதே அறையில், அதே விளக்கின் கீழ், சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. பெரும்பாலான போன்களில் லென்ஸின் திறப்பளவு மாறாதது என்பதால், இழந்த ஒளியை ஈடுகட்ட ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்வு அளவை உயர்த்துவதைத் தவிர போனுக்கு வேறு வழியில்லை. ஐஎஸ்ஓ உயர்ந்ததும் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் நிறைகின்றன; அவற்றைத் துடைக்க முயலும் மென்பொருள், முகத்தின் நுணுக்கங்களையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது.

இனி வெயிலுக்கு வருவோம். எஃப்/1.8 திறப்பளவு கொண்ட லென்ஸை ஐஎஸ்ஓ 100-இல் நண்பகல் வெயிலில் பிடித்தால், சரியான வெளிச்ச அளவுக்கு ஷட்டர் 1/8000 நொடி அளவுக்கு வேகமாகத் திறந்து மூடினாலே போதும். மர நிழலிலோ கட்டட நிழலிலோ 1/500 முதல் 1/1000 வரை கிடைக்கும். அதுவும் 240 ஃபிரேமுக்குப் போதுமானதே. வீட்டுக்குள், இரவு நேரத்து விளக்கில்தான் எல்லாம் சிக்கலாகிறது. ஆகவே முதல்முறை முயல்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஆலோசனை: வெளியே போங்கள், பகலில் போங்கள். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் சாய்வாக விழும் வெயில், அசைவுக்கு நல்ல உருவம் கொடுக்கிறது. கடுங்கோடையில் போனை நேரடி வெயிலில் வைத்துத் தொடர்ந்து பதிவுசெய்தால் அது சூடேறிப் பதிவையே நிறுத்திவிடக்கூடும் என்பதால், எடுக்கும் பொருள் வெயிலிலும் போன் நிழலிலும் இருப்பதுபோல் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போனில் இரண்டு மூன்று லென்ஸ்கள் இருந்தாலும் ஸ்லோ மோஷனுக்கு முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். அதன் திறப்பளவே பெரும்பாலும் எல்லாவற்றிலும் பெரியது. திரையில் விரல்களால் விரித்துப் பெரிதாக்குவதைவிட இரண்டடி நெருங்கிப்போவது எப்போதும் நல்லது.

துளி, தெறிப்பு, தண்ணீர் ஆகியவற்றை எடுக்கும்போது வெளிச்சம் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும். முன்னாலிருந்து விழும் வெளிச்சத்தில் தண்ணீர் கண்ணுக்கே தெரியாமல் போகும். பின்னாலிருந்து வரும்போது ஒவ்வொரு துளியின் விளிம்பும் ஒளிரும். அதற்குப் பின்னே கறுப்புத் துணியோ நிழல் விழுந்த சுவரோ இருந்தால் இன்னும் நன்று. ஒரு கிண்ணத்தில் துளி விழுவதை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். துளி எங்கே விழும் என்பதைப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு பென்சிலை நிறுத்தி, திரையில் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு, பிறகு பென்சிலை எடுத்துவிட வேண்டும். பூட்டாமல் விட்டால், துளி வருவதற்குள் போன் பின்னணியைத் தேடி ஃபோகஸை மாற்றிக்கொள்ளும். தண்ணீருக்குப் பதில் பாலை விட்டால் தெறிப்பின் வடிவம் மேலும் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹெரால்ட் எட்ஜர்டன் 1957-இல் எடுத்த, கிரீடம்போல் எழும் பால்துளியின் புகைப்படம் உலகப் புகழ்பெற்றது. அவர் மிகக் குறுகிய நேரமே மின்னும் ஒளிவீச்சால் அந்தக் கணத்தை நிறுத்திப்பிடித்தார். போன் வீடியோவில் அத்தகைய ஒளிவீச்சு பயன்படாது, தொடர்ந்து நிலையாக எரியும் வெளிச்சமே தேவை.

விளக்குகளின் துடிப்பு

நிலையாக எரியும் வெளிச்சம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அலைவில் வருகிறது. அதனால் பல டியூப்லைட்டுகளும் எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. 240 ஃபிரேமில் எடுத்து எட்டு மடங்கு மெதுவாக ஓட்டும்போது அந்தத் துடிப்பு நொடிக்கு 12.5 முறையாகக் குறைந்து கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. காட்சி முழுவதும் படபடவென்று அடித்துக்கொள்ளும். கல்யாண மண்டபங்களில் எடுக்கப்படும் ஸ்லோ மோஷன் காட்சிகள் பல இப்படித்தான் கெட்டுப்போகின்றன, எடிட்டிங்கில் இதை முழுதாகச் சரிசெய்வதும் கடினம்.

தீர்வுகள் மூன்று. முதலாவது, சூரிய வெளிச்சம். இரண்டாவது, கேமராவில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ற பிஏஎல் அமைப்பு இருந்தால் அதற்கு மாறி, நொடிக்கு 100 ஃபிரேம், ஷட்டர் 1/100 என்று வைத்துக்கொள்வது. அப்போது ஒவ்வொரு ஃபிரேமும் விளக்கின் ஒரு முழுத் துடிப்பை உள்ளடக்கிவிடுவதால் வெளிச்ச வேறுபாடு மறைந்துவிடும். 120-இலும் 240-இலும் இது முடியாது, ஏனெனில் அவற்றில் ஷட்டரை 1/100 நொடி திறந்துவைக்க அவகாசமே இல்லை. மூன்றாவது, துடிப்பில்லாத விளக்கைத் தேடிப் பயன்படுத்துவது. பேட்டரியில் இயங்கும் நல்ல வீடியோ விளக்குகள் இதற்குப் பொருந்தும். ஆனால் சில விளக்குகள் வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது துடிக்கத் தொடங்குகின்றன என்பதால் முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, தேவையானால் தள்ளிவைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். சோதிப்பது எளிது: படப்பிடிப்பைத் தொடங்கும்முன் அந்த விளக்கு விழும் சுவரை இரண்டு நொடி ஸ்லோ மோஷனில் எடுத்து ஓட்டிப்பாருங்கள். துடித்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு பந்துவீச்சை எடுப்பது

ஸ்லோ மோஷனை வெறும் அழகுக்காக அல்லாமல் கற்றுக்கொள்வதற்காகப் பயன்படுத்துபவர்களில் கிரிக்கெட் விளையாடும் இளைஞர்களே அதிகம். அவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு 36 மீட்டர் கடக்கிறது. 240 ஃபிரேம் பதிவில், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையில் அது 15 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ஷட்டர் 1/480 நொடி என்றால், அது திறந்திருக்கும் நேரத்துக்குள்ளேயே பந்து 7.5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்தின் விட்டமே ஏறத்தாழ 7.2 சென்டிமீட்டர்தான் என்பதால், படத்தில் பந்து உருண்டையாக இல்லாமல், இரண்டு பந்துகளை ஒட்டிவைத்த நீள்வட்டக் கறையாகத் தெரியும். தையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஷட்டர் 1/4000 நொடியாக இருந்தால் அந்த இழுவை ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே இத்தகைய வேலைக்கு, பாதி நேரம் ஷட்டர் திறந்திருக்கும் அந்தப் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டும். வெயிலில் போன் தானாகவே வேகமான ஷட்டரைத் தேர்ந்துகொள்ளும். மேகமூட்டமான நாளில் தானாகத் தேராது. பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலிகளில் ஷட்டர் வேகத்தை நாமே குறித்துவைக்கலாம்.

சுழற்பந்துக்கு ஃபிரேம் எண்ணிக்கையும் முக்கியம். நிமிடத்துக்கு 2000 முறை சுழலும் பந்தை 240 ஃபிரேமில் எடுத்தால் ஒரு சுற்றுக்கு ஏழு படங்கள் கிடைக்கின்றன. தையல் எந்தத் திசையில் புரள்கிறது என்பதைத் தெளிவாகப் பின்தொடரலாம். 120-இல் மூன்று நான்கு படங்களே கிடைக்கும். 30-இலோ ஒவ்வொரு படத்துக்கும் இடையில் பந்து ஒரு முழுச் சுற்றுக்கும் சற்று அதிகமாகச் சுழன்றிருக்கும் என்பதால், அது மிக மெதுவாகச் சுழல்வதுபோலப் பொய்த்தோற்றம் காட்டும்.

போனை டிரைபாடில் பொருத்துவதே நல்லது. முன்கால் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டுமானால், கிரீஸ் கோட்டின் நேர் நீட்டிப்பில், முழங்கால் உயரத்தில், பக்கவாட்டில் வைக்க வேண்டும்; கோடு போனை நோக்கி நேராக ஓடிவருவதுபோல் தெரிய வேண்டும், சற்றே விலகினாலும் கால் கோட்டுக்கு முன்னே விழுந்ததா பின்னே விழுந்ததா என்பது தவறாகத் தெரியும். மணிக்கட்டையும் தையலையும் பார்க்க வேண்டுமானால் பந்துவீச்சாளருக்குப் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். ஓட்டம் தொடங்கும்போதே பதிவைத் தொடங்கி, பந்து போனதும் நிறுத்திவிடுங்கள். பத்து நொடிக்கு மேல் நீளும் பதிவில், பார்க்க வேண்டிய அரை நொடியைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

முழங்கை மடங்குகிறதா என்ற கேள்விக்கு மட்டும் ஒரே கோணத்துப் போன் வீடியோவை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கை சுழலும்போது, மடங்கியே இருக்கும் முழங்கைகூட நிமிர்வதுபோலத் தெரியும். முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் முப்பரிமாணத்தில் அளந்து பார்த்த பிறகே அதைப் பற்றித் தெளிவாகப் பேச முடிந்தது. தட்டையான ஒரு படத்தைக் காட்டி ஒரு சிறுவனின் பந்துவீச்சைக் குற்றம் சொல்வது நியாயமாகாது.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது

நடை, நடனம், குழந்தையின் சிரிப்பு, காற்றில் பறக்கும் துணி ஆகியவற்றுக்கு 60 அல்லது 120 போதும். அதற்கு மேல் போனால் காட்சி நகராததுபோல் தோன்றி அலுப்பூட்டும். தண்ணீர்த் தெறிப்பு, குதிக்கும் நாய், உடைபடும் தேங்காய், மட்டையில் படும் பந்து ஆகியவற்றுக்கு 240. பலூன் வெடிப்பது 240-இல் ஓரிரு ஃபிரேம்களிலேயே முடிந்துவிடும். அதற்கு 960-உம் அதற்கு மேலும் தேவை. தேவைக்கு அதிகமான எண்ணைத் தேர்ந்தெடுத்தால் வெளிச்சத்தையும் தெளிவையும் காரணமின்றி இழக்கிறோம்.

மின்விசிறியின் இறக்கைகள் வளைந்து தெரிவதைப் பலர் கவனித்திருப்பார்கள். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், கடைசி வரியைப் படிப்பதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது. 240 ஃபிரேமில் ஒரு படத்தை 1/240 நொடிக்குள் படித்துமுடித்தாக வேண்டியிருப்பதால், இந்தக் கோணல் சாதாரண வீடியோவைவிடக் குறைவாகவே இருக்கும்.

எடிட்டிங்கும் பகிர்தலும்

240 ஃபிரேம் வீடியோவை எடிட்டிங் செயலியில் மெதுவாக்கும்போது, பதிவான ஒவ்வொரு ஃபிரேமும் ஒரேயொரு முறை திரையில் வரும்படி சதவீதத்தைத் தேர்ந்தெடுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் (செயலியில் காட்சிகளை அடுக்கும் பட்டையில்) அது 12.5 சதவீதம், 24 ஃபிரேம் டைம்லைனில் 10 சதவீதம். 100 ஃபிரேமில் எடுத்ததை 25 ஃபிரேம் டைம்லைனில் 25 சதவீதத்தில் ஓட்டலாம். இடைப்பட்ட எண்களைக் கொடுத்தால் சில ஃபிரேம்கள் இரட்டித்து, அசைவில் மெல்லிய தடுக்கல் தெரியும். காட்சி முழுவதையும் மெதுவாக்காமல், வழக்கமான வேகத்தில் தொடங்கி முக்கியமான கணத்தில் மட்டும் மெதுவாக்குவதே பார்ப்பவரைக் கவரும் என்று நான் கருதுகிறேன். எட்டு மடங்கு இழுபட்ட ஒலி மூன்று ஸ்தாயி கீழிறங்கி உறுமலாகிவிடும் என்பதால் அதை நீக்கிவிட்டு, தேவையானால் தனியாகப் பதிவுசெய்த ஒலியைச் சேருங்கள்.

இல்லாத ஃபிரேம்களை ஊகித்து வரைந்து நிரப்பும் வசதி இப்போது பல செயலிகளில் இருக்கிறது. சில போன்களின் 960 ஃபிரேம் பயன்முறையும் உண்மையில் இப்படி நிரப்பப்படுவதே. தெளிவான பின்னணிக்கு முன்னால் ஒருவர் மெல்ல நடந்துபோகும் காட்சியில் அது நன்றாகவே வேலைசெய்யும். தண்ணீர்ச் சிதறலிலும் சைக்கிள் சக்கரக் கம்பிகளிலும், ஒன்றன்முன் ஒன்று கடந்துபோகும் கைகால்களிலும் அது தடுமாறி, விளிம்புகளைக் கூழாக்கிவிடும். பந்துவீச்சை ஆராய்பவர்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் அங்கே தெரியும் கையின் நிலை மென்பொருள் வரைந்தது, கை உண்மையில் இருந்த நிலை அன்று.

ஸ்லோ மோஷன் கோப்புகள் பெரியவை. ஐபோனின் அமைப்புப் பக்கத்திலேயே, 1080பி தரத்தில் 240 ஃபிரேம் பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 480 எம்பி இடம் பிடிக்கும் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எடுத்த அன்றே தேவையற்றதை நீக்கிவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வேகத்தை மாற்றிய காட்சியை முதலில் தனி வீடியோவாகச் சேமித்து, அதையே டாக்குமென்ட் வடிவில் அனுப்புங்கள்; வீடியோவாக அனுப்பினால் மீண்டும் சுருக்கப்பட்டு, சிரமப்பட்டுப் பிடித்த தெளிவு போய்விடும். மூலக் கோப்பைக் கணினியிலோ வெளிச்சேமிப்பிலோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணத்தை மெதுவாக்க வேண்டும் என்ற முடிவை மாற்றிக்கொள்ள விரும்பினால் 240 ஃபிரேம்களும் அந்தக் கோப்பில்தான் இருக்கும்.